விசு வருஷம், ஆனி மாசம்

என் ஆயாவின், அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டியின், பெயர் அரசாங்கக் காகிதங்களில் நாலு விதமாக இருக்கிறது. ரேஷன் கார்டில் ‘அம்மாள்’ என்று முடியும். வாக்காளர் அட்டையில் ‘அம்மா’. பீடித் தொழிலாளர் அட்டையில் நடுவே ஓர் எழுத்தைக் காணோம். ஆதாரில் தாத்தாவின் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயது விஷயம் இன்னும் மோசம். ஆதாரில் 01-01-1945. கம்ப்யூட்டரைக் கேட்டால் அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜனவரி ஒண்ணாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள்.

குடியாத்தத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே நாலு பிள்ளைகளை ஆளாக்கி, கடைசிக் காலத்தில் மட்டும் பெங்களூருக்கு எங்களோடு இருக்க வந்தவள். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் 2024 தை மாதம் போய்ச் சேர்ந்தாள். கூட இருந்த நாட்களில் அவளிடம் கேட்டுப் பதிவு செய்ததையும், அவளுடைய இரும்புப் பெட்டியில் இருந்த காகிதங்களையும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டு, வருஷத் திதிக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தோம். அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் சிலர், எங்க வீட்டுப் பெரியவங்களையும் இப்படிக் கேட்கணும், எப்படி ஆரம்பிக்கிறது என்று விசாரித்தார்கள். அவர்களுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பாராட்டி எழுதாதீர்கள். அன்பின் உருவம், பொறுமையின் சிகரம், ஓயாத உழைப்பு என்பதெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் யார் படத்தை வைத்தாலும் பொருந்தும். எங்கள் ஆயாவை ஆயாவாகக் காட்டுவது அவள் செய்த வேலையும், அவள் கையில் புழங்கிய காசும், அதை அவள் யாருக்குத் தெரியாமல் எங்கே வைத்தாள் என்பதும்தான். அதைக் கேட்டால் மற்றதெல்லாம் தானாக வருகிறது.

ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. “உன் கதையைச் சொல்லு ஆயா” என்றால், “இன்னாத்த சொல்றது? பொறந்தேன், பீடி சுத்தனேன், புள்ளிங்கள கரையேத்தனேன். அவ்ளோதான்” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். போனைக் கையில் நீட்டிப் பிடித்தால் அதுவும் கிடையாது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, டிவியில் பேசுகிறவர்கள் மாதிரி ஒரு தமிழுக்குப் போய்விடுவாள். அந்தத் தமிழில் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

வழி திறந்தது அவரைக்காயால். மார்கழி வந்தால் பெங்களூரில் எந்தத் தெருமுனையிலும் அவரைக்காய் குவியல்தான். வீட்டுக்கு வீடு உரிப்பார்கள். குடியாத்தம் பக்கமும் அந்தப் பருவத்தில் இதே வேலைதான். உரித்த கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் தங்கிவிடும், பருப்பு எகிறிப் போய் தட்டில் விழும். பிதுக்கம்பருப்பு. ஒரு கிலோ கொட்டையைப் பிதுக்கி முடிப்பதற்குள் ஒரு காலைப்பொழுதே போய்விடும். அந்த நேரத்தில் கை வேலையில் இருக்கிறது, கண் தட்டில் இருக்கிறது, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆயா பேச ஆரம்பித்தது அப்படித்தான். உங்கள் வீட்டில் கீரை ஆய்வதாக இருக்கலாம், பூ கட்டுவதாக இருக்கலாம். கைக்கு வேலை கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

போனைப் பக்கத்திலேயே தரையில் ஒரு மடித்த துண்டின் மேல் வைத்துவிடுவேன். வெறும் தரையில் வைத்தால் தட்டு நகர்கிற ஒவ்வொரு சத்தமும் இடி மாதிரி பதிவாகும். ஃபேனை நிறுத்திவிட வேண்டும். காதுக்கு உறைக்காத அந்த ஓசை பதிவில் பேச்சையே மூடிவிடும். ஃப்ளைட் மோடில் போட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் லோன் வேண்டுமா என்று யாராவது கூப்பிடுவார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே பதிவாக ஓடவிடாமல் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் பிறகு தேடுவது சுலபம். அன்றைக்கே தேதியையும் பேசிய விஷயத்தையும் ஃபைலின் பெயராக வைத்துவிட வேண்டும்; “ரெக்கார்டிங் 47” என்று இருப்பதை ஆறு மாதம் கழித்து யாரும் திறக்கப் போவதில்லை. போனில் ஒரு பிரதி, வீட்டுக்கு வெளியே யாரிடமாவது இன்னொரு பிரதி. நான் சித்தப்பா மகனுக்கு அனுப்பிவைத்தேன். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் அப்படியே போகும்.

ஆங், பதிவு செய்கிறோம் என்பதை அவளிடம் சொல்லித்தான் செய்தேன். முதல் நாள் கொஞ்சம் கூச்சம். அப்புறம் அவளே, “அந்தப் பொட்டிய வச்சிட்டியா?” என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பாள்.

கேள்வி சின்னதாக இருக்க வேண்டும், கையில் பிடிக்கிற மாதிரி. கஷ்டப்பட்டியா என்று கேட்டால் “பட்டோம், இன்னா பண்றது” என்பதோடு சரி. “காலையில யார் மொதல்ல எழுந்திருப்பீங்க?” “இலையை எதுல ஊற வைப்பே?” “கூலி வாங்கினா யார் கைக்குப் போகும்?” இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் ஒரு முழு வாழ்க்கை கிடைத்தது. பெரிய நோட்டெல்லாம் தாத்தா கைக்குப் போகும். சில்லறையில் ஒரு பங்கு அரிசிப் பானைக்குள், ஒரு சுருக்குப் பையில். தாத்தா சோறு சாப்பிடுவார், அரிசிப் பானைக்குள் கைவிட மாட்டார். அதைவிடப் பாதுகாப்பான பேங்க் ஊரில் கிடையாது. அந்தப் பையிலிருந்து சீட்டு, சீட்டிலிருந்து அப்பாவின் பள்ளிக்கூடச் செலவு, பிறகு அவரை ஐ.டி.ஐ. படிக்க வைத்தது. தூரவாணிநகர் தொலைபேசிக் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது தாத்தாவின் தறியால் என்றுதான் எங்கள் வீட்டில் அதுவரை பேச்சு.

வேலையைப் பற்றிக் கேட்கும்போது வாயால் மட்டும் கேட்டு எழுதினால் போதாது. செய்துகாட்டச் சொல்ல வேண்டும். பீடி சுற்றுவதை நான் சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், ஆனால் பார்த்ததாக ஆகாது. பெங்களூரில் இலையும் தூளும் ஏது? பழைய நாட்காட்டித் தாளை இலை அளவுக்கு வெட்டிக் கொடுத்து, தூளுக்குப் பதிலாக ரவையை வைத்தேன். ஆயா சிரித்தாள், ஆனால் மடியில் முறத்தை வைத்ததும் முதுகு தானாக வளைந்தது. முதல் நாள் ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றிவைக்க வேண்டும், காய்ந்தால் உடையும், அதிகம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். காலையில் தகட்டு அச்சை இலைமேல் வைத்துக் கத்தரியால் சுற்றி வெட்டுவது. நரம்பு தடித்திருந்தால் சீவி எடுப்பது. இடது உள்ளங்கையில் இலை, ஒரு சிட்டிகை தூள், இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து உருட்ட, ஒரு முனை ஊசியாகவும் மறுமுனை அகலமாகவும் வரும். அகல முனையை நகத்தால் உள்ளே மடித்து மூடி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்துவிட வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. ஆயாவின் வலது கட்டைவிரல் நகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்ததன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வீடியோ எடுத்துவைத்திருக்கிறேன், முகம் வராமல் கை மட்டும் தெரிகிற மாதிரி. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாக உட்காரவைத்து எடுத்தது.

ஏஜெண்டு கொடுக்கிற இலை எடை குறைவாக இருக்கும், ஆனால் ஆயிரம் பீடி வந்தாக வேண்டும், குறைகிற இலையைத் தன் காசில் வாங்கிப் போட வேண்டும் என்பாள். சுற்றியதில் சரியில்லை என்று ஒரு கை அள்ளிக் கழித்துவிட்டு, கழித்ததைத் திருப்பியும் தர மாட்டார்களாம். யார், எந்தக் கம்பெனி என்றெல்லாம் பெயர் சொன்னாள். புத்தகத்தில் அதைப் போடவில்லை.

அடுத்து, தேதி. பெரியவர்கள் வருஷத்தை எண்ணில் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவர்களிடம் வருஷக் கணக்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். “நான் விசு வருஷம் ஆனி மாசம் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்” என்றாள் ஆயா. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். விசு 1941 ஏப்ரலில் பிறந்த வருஷம், மறுபடி 2001-ல் வந்தது. 2001-ல் ஆயாவுக்குப் பேரன் பேத்திகளே இருந்தார்கள் என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை: 1941 ஜூன் அல்லது ஜூலை. ஆதாரில் இருப்பதைவிட மூன்றரை வயது மூத்தவள். ‘குரோதி’ என்றால் 1964 அல்லது 2024, ‘பிரபவ’ என்றால் 1927 அல்லது 1987. இந்த இரண்டை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணினால் எந்தத் தமிழ் வருஷத்தையும் பிடித்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது, தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குகிறது. அதனால் தை, மாசி, பங்குனியில் நடந்ததென்றால் ஆங்கிலக் கணக்கில் அடுத்த வருஷம்.

வருஷப் பெயரும் நினைவில்லை என்றால் ஊரில் நடந்ததைக் கேட்க வேண்டும். குடியாத்தத்துக்காரர்களுக்குக் கைவசம் ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்றத்தில் உறுப்பினர் இல்லை. ஆறு மாதத்துக்குள் ஆக வேண்டும். அவர் நின்றது குடியாத்தம் இடைத்தேர்தலில், அதே வருஷம். “காமராசர் நின்னப்ப நான் பெரிய மனுஷி ஆகல, எங்கம்மா இடுப்புல தம்பி இருந்தான்” என்று ஆயா சொன்னால் அது பதின்மூன்று வயசு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம், அந்தத் தம்பியின் வயதும் கிடைத்துவிடும். இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். புயல், ஏரி உடைந்தது, புதுப் பாலம், எம்.ஜி.ஆர். இறந்த நாள்.

மாதத்துக்கும் நாளுக்கும் திருவிழா. எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வருஷாவருஷம் வைகாசி ஒண்ணாம் தேதி. அதாவது மே 14 அல்லது 15, தவறாது. கவுண்டன்யா ஆற்றங்கரையில் எள் போட்டால் விழாத கூட்டம். “உங்கப்பன் சிரசுக்கு மறுநாள் பொறந்தான், ஊரெல்லாம் தூங்குது, மருத்துவச்சிய எழுப்ப ஆளில்ல” என்றாள். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ஜூன் 10 என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் வாத்தியார் பள்ளியில் சேர்க்கும்போது போட்ட தேதிதான் பலருக்கும். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழித்து அப்பா தன் பிறந்த நாளைத் தெரிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இப்போது மே 16-ஆம் தேதி கேசரி கேட்கிறார்.

காசு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. கூலியை அணாவில் சொன்னால் பழைய காலம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு காசு என்று மாறிவிட்டது என்னவோ உண்மை. ஆனால் நாலணா, எட்டணா என்கிற பேச்சு இருபத்தைந்து காசு, ஐம்பது காசு நாணயத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. 2011-ல் இருபத்தைந்து காசு செல்லாது என்று அறிவிக்கும்வரை எங்கள் வீட்டில் அது நாலணாதான். அதனால் “ஆயிரத்துக்கு ஒரு ரூபா நாலணா” என்று சொன்னால், அப்போது அரிசி என்ன விலை, யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்று இன்னொரு கேள்வியையும் போட்டுவைக்க வேண்டும்.

தேதி இல்லாத காகிதத்துக்கும் வழி உண்டு. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருந்தால் 1989-க்கு முன், ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்றிருந்தால் அதற்குப் பிந்தைய சில வருஷங்கள், ‘வேலூர் மாவட்டம்’ என்றால் 1990-களின் கடைசியிலிருந்து. அரைமணி நேரத்தில் ஒரு கட்டுக் காகிதத்தை இப்படி வரிசைப்படுத்திவிடலாம்.

இனி 1991. பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்த வருஷத்துக்கு ஒரு கதை உண்டு, பொதுவாகச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். அப்பா, அம்மா, நான், அத்தை குடும்பம், எல்லாரும் ரயிலேறிக் குடியாத்தத்துக்குப் போனோம். எனக்கு ஆறு வயது. ஆயா வீட்டுத் திண்ணையில் படுத்ததும் யாரோ அழுததும் நினைவிருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை நாள் இருந்தோம் என்று கேட்டால் அப்பா “ஒரு வாரம்” என்பார். கம்பெனிக்குத் திரும்பிப் போனவர் என்ற கெத்து அவருக்கு. அத்தை “ஒரு மாசத்துக்கு மேல” என்பார். ஆயா “பொங்கலுக்கு முன்னாடி போனீங்க, கரும்பு கட்டிக் குடுத்தேன்” என்றாள். மூன்று பேர், மூன்று கணக்கு.

தீர்ப்புச் சொன்னது பீடி பாஸ் புத்தகம். எவ்வளவு இலை கொடுத்தார்கள், எத்தனை பீடி வந்தது என்று ஏஜெண்டு நாளுக்கு நாள் எழுதிக் கையெழுத்துப் போடுகிற சின்ன நோட்டு. ஆயா தன்னுடையதை எல்லாம் பத்திரப்படுத்தியிருந்தாள், பி.எஃப். பணம் கேட்கும்போது ஆதாரம் வேண்டும் என்று யாரோ சொன்னதாம். 1991-ஆம் வருஷ நோட்டைப் புரட்டினால் நவம்பர் முழுக்க எழுநூறு, எண்ணூறு, சில நாள் அறுநூறு. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் திடீரென்று ஆயிரத்து நானூறு. அடுத்த நாள் ஆயிரத்தைந்நூறு. அப்படியே போய், ஜனவரி இரண்டாவது வாரத்தில் மறுபடி எழுநூற்றைம்பது.

அதை அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துவிட்டு, “நானும் உங்க அத்தையும் உக்காந்தோம். இலை வெட்டத்தான் தெரியும், சுத்தத் தெரியாது. ஆயா சுத்தும்” என்றார். முப்பது வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. கம்பெனி வேலைக்காரர் பெண்டாட்டி மாமியார் வீட்டில் பீடி இலை வெட்டினாள் என்பதை அம்மா சொல்லவில்லை, வந்த விருந்தாளிகளை வேலை வாங்கினேன் என்பதை ஆயாவும் சொல்லவில்லை. அரிசி வாங்கியாக வேண்டும், அதுதான் விஷயம். அப்பா அன்று முழுக்க “மூணு வாரம் இருந்திருப்போம்போல” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஆகவே வீட்டுப் பழைய நோட்டு, ரேஷன் கார்டு, அடகுக் கடைச் சீட்டு, மளிகைக் கணக்கு எதையும் குப்பை என்று எடைக்குப் போடாதீர்கள். நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவள் என்பதால் சொல்வதாக நினைக்கலாம். மனிதர்கள் பெருமையை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், செலவு எழுதிய நோட்டுக்கு அந்த வழக்கம் இல்லை.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பர் மழையில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது சித்தப்பா வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. பெட்டியின் அடியில் இருந்தவை நனைந்தன. நனைந்த காகிதத்தை வெயிலில் போட்டால் சுருண்டு உடையும். நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், நடுவே வெள்ளைத் துணியோ மை இல்லாத தாளோ வைத்துக் காயவிட வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்கவே கூடாது, பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, பளபளப்பு விழாத கோணத்தில் வைத்துப் படமெடுத்துவிடுவது நல்லது. பழைய படங்களின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். பென்சிலால் லேசாக எழுதலாம். குழுப் படம் என்றால் பிரிண்ட் போட்டு, அந்தப் பிரதியில் ஒவ்வொரு தலைக்கும் நம்பர் போட்டு, பெரியவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுங்கள். இதை அவர்கள் கண் தெரிகிறபோதே செய்தாக வேண்டும்.

வாழ்க்கையைக் கேட்பதற்கும் ஆபீஸ் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்போம். ஆயாவின் கட்டைவிரலுக்கு அந்த இரண்டோடும் சம்பந்தம் இருந்தது. அவளுக்குப் பீடி வேலையின் பி.எஃப். மூலமாக மாதம் ஆயிரம் ரூபாய் பென்ஷன் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஆயுள் சான்று தர வேண்டும். விரலை மிஷினில் வைத்தால் எடுக்காது. துடைத்து வைத்தாலும், எண்ணெய் தடவி வைத்தாலும், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் எடுக்காது. இலையும் நூலும் ரேகையைத் தின்றுவிட்டன. “இத்தினி வருசம் சுத்துனதுக்கு இவுனுங்க சாட்சி கேக்கறானுங்க, சாட்சி அங்கயே தேஞ்சி போச்சி” என்றாள் வெளியே வரும்போது. இப்போது முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே போனில் செய்கிற வசதி இருக்கிறது. பெங்களூரில் இருந்தபடியே கொடுத்தோம். இந்தப் பென்ஷனுக்கு நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை, எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருஷம் செல்லும். கைவேலை செய்து தேய்ந்த விரல்கள் உங்கள் வீட்டில் இருந்தால் க்யூவில் நிற்கவைக்காமல் முகப் பதிவையே முயன்று பாருங்கள்.

இறப்புப் பதிவு இன்னொன்று. எந்த ஊரில் இறந்தார்களோ அங்கேதான் பதிய வேண்டும், சொந்த ஊரில் அல்ல. இருபத்தொரு நாளுக்குள் என்றால் சிக்கல் இல்லை, ஒரு வருஷம் தாண்டினால் அதிகாரியின் உத்தரவு வாங்கி அலைய வேண்டியிருக்கும். கர்நாடகச் சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். ஆங்கில எழுத்துக்கூட்டலை எந்த அட்டையை வைத்துப் பணமோ மனையோ மாற்றப் போகிறீர்களோ, அந்த அட்டையில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். நிரந்தர முகவரி என்ற இடத்தில் நாங்கள் குடியாத்தம் முகவரியைப் போட்டோம். பிறகு அங்கே தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று கேட்டபோது அது கைகொடுத்தது. நாலு விதமாக இருந்த பெயர் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். துக்க வீட்டில் இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே பெயர்களை ஒன்றாக்கிவிடுவது நல்லது. ஆயா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, “எல்லாம் நாந்தான், வுடு” என்றுவிட்டாள்.

சமையலையும் எழுதிவைக்க ஆசைப்பட்டேன். “கொஞ்சம் உப்பு, ரவ தனியா” (ரவ என்றால் துளி) என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சட்டியையே எடை மிஷின்மேல் வைத்துவிட்டு, அவள் ஒவ்வொன்றாகப் போடும்போது எண்ணைக் குறித்துக்கொண்டேன். அவளுடைய ‘கை’ மிளகாய்த்தூளுக்கு ஒன்பது கிராம், மூன்று தடவை போட்டாலும் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே. சிட்டிகை சிட்டிகையாக ஆயுள் முழுக்கத் தூள் எடுத்த கை அல்லவா.

எழுதாமல் விட்டதும் இருக்கிறது. தாத்தாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டு, “இத எழுதாத கண்ணு, அவன் புள்ளிங்க இருக்கறாங்க” என்றாள். எழுதவில்லை. அந்தப் பதிவை அழிக்கவும் இல்லை, தனியாக வைத்திருக்கிறேன். அதை யாரிடம் கொடுப்பது, எப்போது என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இப்படிப்பட்ட இடம் எல்லார் வீட்டிலும் வரும். சொன்னவர் போட்ட நிபந்தனையைப் பதிவின் பெயரிலேயே எழுதிவையுங்கள். நமக்குப் பிறகு அந்தப் ஃபைலைத் திறப்பவருக்கும் தெரிய வேண்டும்.

புத்தகத்தை அவள் பேச்சிலேயே போட்டேன். ‘கீது’, ‘வந்துகினு’, ‘இத்தினி’ எதையும் திருத்தவில்லை. டைப் செய்து கொடுத்த தம்பி பாதியைச் சுத்தத் தமிழாக்கி அனுப்பியிருந்தார், மறுபடி ஒலிப்பதிவைக் கேட்டு அழுக்காக்க வேண்டியிருந்தது. என் பிள்ளைகள் விஷயம் வேறு. பெங்களூர்ப் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள், தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அவர்களுக்கு அச்சுப் புத்தகம் வெறும் படம் பார்க்கத்தான். பதிவுகளிலிருந்து இரண்டு மூன்று நிமிஷத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தேன். காமராஜரைவிட அவர்களுக்குப் பிடித்தது, சிவாஜிநகர் மார்க்கெட்டில் ஆயா தெலுங்கில் பேரம் பேசியதை அவளே நடித்துக்காட்டுகிற துண்டு. ஆந்திர எல்லை ஊர்க்காரிக்குக் கன்னடம் தேவைப்படவே இல்லை, கடைக்காரரும் தெலுங்கு.

வருஷத் திதிக்குப் புத்தகத்தை வாங்கிப்போன சித்தப்பா அன்று ராத்திரியே கூப்பிட்டார். தறியை விற்றது தாத்தா இருக்கும்போது என்று ஆயா சொல்லியிருக்கிறாள். இல்லை, தாத்தா போன பிறகுதான், நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன், குழித்தறிக் கட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தவனே நான், எந்த வீட்டுக்குப் போனது என்றுகூடச் சொல்வேன் என்றார். அப்பாவைக் கேட்டால் தறி விற்கவே இல்லை, கடனுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள் என்கிறார். அந்த வருஷத்து அடகுச் சீட்டு எதுவும் பெட்டியில் இல்லை, தேடிவிட்டேன். இரண்டாவது அச்சில் ஆயா சொன்னது அப்படியே இருக்கும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் சித்தப்பா சொல்வதும் அப்பா சொல்வதும் வரும் என்று சொல்லியிருக்கிறேன். சித்தப்பா பெரிய எழுத்தில் போடச் சொல்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.